நான்கு ஃப்ரிட்ஜ்களின் சொந்தக்காரி

மூன்றாவது ஃப்ரிட்ஜின் கைப்பிடியில் பச்சை நூலைச் சுற்றி இரண்டு முடிச்சுப் போடுகிறார் இஸ்திரி அக்கா. பச்சை என்றால் மூன்றாம் மாடி. இரண்டு முடிச்சு என்றால் இரண்டாவது வீடு. அடுத்து வந்த டி.வி.க்குச் சிவப்பு நூல், ஒரே முடிச்சு. "பாத்து வைங்கப்பா, சுவத்துல இடிக்குது. கீறல் விழுந்தா நாளைக்கு என் தலைதான் உருளும்" என்று தூக்கிவந்தவர்களை அதட்டுகிறார். வாசலில் நிற்கும் கண்டக்டர் கையை வீசிக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறார். "உள்ள போ, உள்ள போ! முன்னாடி எடம் காலியா இருக்கு பாரு. வாஷிங் மெஷின், கொஞ்சம் ஓரமா நில்லு!" ஓய்வுபெற்றுப் பதினோரு வருடமாகியும் எந்தக் கூட்டத்தைப் பார்த்தாலும் அவருக்குப் பேருந்தாகத்தான் தெரியும்.

கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தாகவேண்டும். நகராட்சியின் உதவித்தொகைப் பிரிவிலிருந்து வரும் விசாரணை அதிகாரி எதிர்க்கடையில் ஒரு டீ குடித்து, காகிதங்களை அடுக்கிக்கொண்டு, முதல் படியில் கால்வைக்க ஆகும் நேரம் அது. அவருடைய ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பியதுமே வாயில் காவலாளி மூன்று முறை விசில் ஊதிவிடுவார். அவர் திரும்பிப் போனதும் நீளமாக ஒன்று. இந்தச் சேவைக்காகக் காவலாளிக்குத் தன் பெயரே போய்விட்டது. எல்லோருக்கும் அவர் 'விசில்'தான்.

நான்கு மாடி, மாடிக்கு ஐந்து வீடு. இருபதில் பத்தொன்பது வீடு ஏதாவது ஓர் உதவி பெறுகிறது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், பெரிய டி.வி. இவற்றில் ஒன்று இருந்தாலும் உதவி கிடையாது என்பது விதி. அந்த விதியை எழுதியவருக்கு ஃப்ரிட்ஜ் ஓர் ஆடம்பரமாகத் தெரிந்திருக்கவேண்டும். கண்டக்டரின் மனைவிக்கு நாளுக்கு இருமுறை இன்சுலின் ஊசி. மருந்தைக் குளிரில்தான் வைக்கவேண்டும். மருந்து வாங்க நகராட்சி உதவுகிறது. மருந்தை வைக்கப் பெட்டி இருந்தால் உதவாது. எனவே வருடத்துக்கு இருமுறை, விசில் ஊதியதும், கட்டடத்தின் வசதிகளெல்லாம் இரண்டாம் மாடியின் கடைசி அறைக்கு நடந்து வரும்.

அந்த அறைக்கு அந்தத் தகுதி வந்தது இரண்டு காரணங்களால். ஒன்று, அங்கே இருப்பது ஒரு கட்டில், ஒரு தகரப் பெட்டி, ஒரு அடுப்பு, ஒரு தட்டு, ஒரு டம்ளர், சுவரில் ஒரே ஒரு பிளக், அதில் நிரந்தரமாகச் செருகிய இஸ்திரிப் பெட்டி. காலியாக இருந்தால்தானே நிரப்பமுடியும்? இரண்டு, இஸ்திரி அக்கா இருபதாவது வீடு. எந்த உதவிக்கும் அவர் விண்ணப்பித்ததில்லை. "கை இருக்கற வரைக்கும் கை நீட்டக்கூடாது" என்பார். விண்ணப்பிக்காதவர் வீட்டை நகராட்சி எட்டிப் பார்ப்பதில்லை. அலுவலகப் பதிவேட்டின்படி அந்தக் கட்டடத்திலேயே வசதியோடு வாழ்பவர் அவர் ஒருவர்தான்.

சலவைக்கடையில் இருபத்தாறு வருடம் இஸ்திரி போட்டவர். நின்றே வேலைசெய்து பழகியதால் உட்காரச் சொன்னால் ஏதோ தவறு செய்துவிட்டதுபோல் விழிப்பார். கசங்கியது எதையும் சும்மா விட அவரால் முடியாது. டீ டம்ளருக்குக் கீழே விரித்த பழைய செய்தித்தாளைக்கூட உள்ளங்கையின் ஓரத்தால் ஒருமுறை நீவிவிட்டுத்தான் டம்ளரை எடுப்பார். மனிதர்களைக் காலரை வைத்து எடைபோடுவார். "மூஞ்சியைப் பாத்து என்னங்க தெரியும்? காலரோட உள்பக்கத்தைக் காட்டுங்க, ஆளு யாருன்னு நான் சொல்றேன்." ஆனால் சொன்னதில்லை. துணியில் என்ன கறை, பையில் என்ன சீட்டு, யாருடைய சட்டையில் யாருடைய முடி, எல்லாம் அவருக்குத் தெரியும். "அது அவங்க அழுக்கு. துவைச்சுக் குடுக்கத்தான் நமக்குக் கூலி. பேசறதுக்கு இல்ல."

கணவர் எப்போதோ போய்விட்டார். அதைப்பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில்: "ரெண்டு சட்டையை விட்டுட்டுப் போனாரு. தேச்சு வெச்சிருக்கேன். வந்தா போட்டுக்கிட்டு மறுபடி போகட்டும்."

இவரை நல்லவர் என்று சொல்லிவிட அவசரப்படத் தேவையில்லை. பொய் சொல்லமாட்டார், ஆனால் பொய்க்கு இடம் கொடுப்பார். இடம் மட்டும்தான், வாய் கொடுப்பதில்லை என்பது அவருடைய கணக்கு. ஒரு பொருள் யாருக்குச் சொந்தம் என்பதற்குப் படித்தவர்கள் தடித்தடியாகப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். இஸ்திரி அக்காவுக்கு அதற்கு நூல் போதும். சலவைக்கடையில் துணிக்குக் கட்டுவதுபோல் ஒவ்வொன்றிலும் குறி கட்டுவார். தேய்த்த பழைய போர்வையால் மூடுவார். தன் அறையில் நான்கு ஃப்ரிட்ஜ் நிற்கும்போது குழாய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அவற்றின் நடுவே நிற்பார். ஒன்றைக்கூட அவர் பிளக்கில் செருகியதில்லை. "அடுத்தவங்க பொருளுக்கு நம்ம வீட்டுல உயிர் குடுக்கக்கூடாது" என்பார்.

*

சென்ற வருடம் அவருடைய வலது மணிக்கட்டு வீங்கியது. முதலில் எண்ணெய் தடவினார், பிறகு துணி சுற்றினார், பிறகு ஒருநாள் இஸ்திரிப் பெட்டி கையிலிருந்து நழுவி, வக்கீல் ஒருவரின் வெள்ளைச் சட்டை முதுகில் முக்கோணமாய் உட்கார்ந்தது. கடை முதலாளி, "அக்கா, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று காலரைப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்தது.

அரசு மருத்துவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆறு மாசம் இந்தக் கையால ஒரு டம்ளர்கூடத் தூக்கக்கூடாது. தூக்கினீங்க, அப்புறம் ஆயுசுக்கும் தூக்கமுடியாது. நாளைக்கு மூணு வேளை ஐஸ் வைங்க."

"ஐஸுக்கு எங்கங்க போறது?"

"ஃப்ரிட்ஜ்ல இருக்குமேம்மா" என்றார் மருத்துவர், அடுத்த நோயாளியைப் பார்த்துக்கொண்டே.

மாடிக்கு மாடி ஃப்ரிட்ஜ் இருந்தது. கேட்டால் கொடுத்திருப்பார்கள். கேட்பதுதான் அவருக்குக் கைவராத தொழில். அண்டை வீட்டில் கேட்பதைவிட அரசாங்கத்தில் கேட்பது கொஞ்சம் கூச்சம் குறைவு என்று பட்டது. அரசாங்கத்துக்கு முகம் கிடையாதே. ஆறு மாதத்துக்கு உதவி கிடைத்தால் கை தேறும். கிடைக்காவிட்டால் மறுபடியும் கடையில் போய் நிற்கவேண்டும், அதோடு கை போகும்.

'உழைக்க இயலாதோர் உதவி' வழங்கும் பிரிவு நகராட்சிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. மின்தூக்கி இல்லை. ஏறி வந்துவிட்டால் உடம்பில் தெம்பு இருப்பதாக ஆகிவிடுகிறது; ஏறமுடியாதவர் விண்ணப்பிப்பதில்லை. விண்ணப்பங்கள் குறைந்துவருவதாக அங்கே ஒரு வரைபடம் பெருமையோடு மாட்டப்பட்டிருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மேடம் படிவத்தை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "என்னம்மா இது, ஜெராக்ஸா? ஒரிஜினல் குடுங்க."

"ஒரிஜினல்தாங்க."

"ஒரிஜினல் இப்படி இருக்காதே?"

முந்தின நாள் வாங்கிய படிவத்தில் பேருந்து நெரிசலில் மடிப்பு விழுந்திருந்தது. அக்கா அதன்மேல் ஈரத்துணி போட்டு, இடது கையால் இஸ்திரி போட்டிருந்தார். கசங்காத வறுமையை மேடம் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. அரை மனதோடு கேள்விகளைத் தொடங்கினார்.

"புருஷன்?"

"போயிட்டாருங்க."

"இறந்துட்டாரா, விட்டுட்டுப் போயிட்டாரா? இறந்தா சான்றிதழ். விட்டுட்டுப் போயிருந்தா, விட்டுட்டுப் போனேன்னு அவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

"அவரு எங்க இருக்காருன்னு தெரிஞ்சா நான் ஏங்க இங்க வர்றேன்? அங்கயே போயி நாலு வார்த்தை கேட்டிருக்கமாட்டேனா?"

பின்வரிசை சிரித்தது. மேடமும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்துப் போடட்டும்" என்றார். "வீட்டுல ஃப்ரிட்ஜ் இருக்கா?"

"எப்பங்க?"

"எப்பன்னா? இருக்கா, இல்லையா?"

"என்னுதுன்னு ஒண்ணும் இல்லீங்க."

"அதைக் கேக்கல. இருக்கா, இல்லையா? ரெண்டு கட்டம்தான் போட்டிருக்கு. நடுவுல கட்டம் இல்ல."

"இன்னிக்கு இல்லீங்க."

மேடம் 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டார். 'இன்னிக்கு' என்பதற்கு இடமில்லாததால் அது கண்ணாடியோடு நின்றுவிட்டது. இருப்பு, இன்மை பற்றி உலகம் தோன்றிய நாளிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கும் வழக்கை அந்தப் படிவம் இரண்டு கட்டங்களில் தீர்த்துவைத்திருந்தது.

"விசாரணைக்கு எப்ப வருவாங்க?"

"மூணு மாசமாவது ஆகும். இங்க எதுதான் உடனே நடக்குது?"

*

சாட்சிக் கையெழுத்துக்குக் கண்டக்டரிடமும், மூன்றாம் மாடியில் டியூஷன் எடுக்கும் டீச்சரம்மாவிடமும் போனார். கண்டக்டர் படிவத்தை இரண்டு தடவை படித்தார். பயணச்சீட்டில் பொய்த்தேதி கண்டவர்போல் நிமிர்ந்தார்.

"நீங்களா? விண்ணப்பமா?"

"கை போச்சுங்க அண்ணே."

"கை போனது சரி. உங்க வீட்டுக்கும் விசாரணை வருமே, அப்ப எங்க பொருளெல்லாம் எங்க போகும்?"

டீச்சரம்மா பேச்சில் பாடம் நடத்தும் நிதானம் இருக்கும். "உங்களுக்குக் கிடைக்கக்கூடாதுன்னு நாங்க சொல்லலைக்கா. கண்டிப்பாக் கிடைக்கணும். ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இவ்ளோ பெரிய கட்டடத்துல ஒருத்தராவது வசதியா இருக்கவேணாமா?"

"அது ஏன் நானா இருக்கணும் டீச்சர்?"

"உங்க ரூம்லதானே எடம் இருக்கு?"

தன்னிடம் எதுவும் இல்லாததே தன்மேல் இத்தனை பேருக்கு உரிமை கொடுத்துவிட்டது என்பது அக்காவுக்கே அன்றுதான் உறைத்தது. கையெழுத்துப் போடாமல் படிவத்தை மடிக்கப்போன கண்டக்டரின் கையைப் பிடித்து, "மடிக்காதீங்க" என்றார். வீங்கிய கையால்தான் பிடித்தார். அந்தச் சூட்டைக் கண்டக்டர் உணர்ந்திருக்கவேண்டும். பேனாவைத் தேடினார். "மூணு மாசம் இருக்குல்ல? அதுக்குள்ள வேற எடம் பாத்துடறேன். நான் பொறுப்பு" என்று கையெழுத்திட்டார். டீச்சரம்மாவும் போட்டார். மறுநாளே அக்கா படிவத்தை மேடத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து மூன்று விசில் கேட்டது. வழக்கமான அரையாண்டு விசாரணை. வேறு இடம் பார்க்கக் கண்டக்டருக்கு இன்னும் நாள் கிடந்தது. நான்கு ஃப்ரிட்ஜ், இரண்டு வாஷிங் மெஷின், மூன்று டி.வி. எல்லாம் வந்து சேர்ந்தன. அக்கா குறி கட்டினார், மூடினார், கதவைச் சாத்திக்கொண்டார்.

அதிகாரி பத்தொன்பது வீடும் பார்த்தார். பத்தொன்பதும் துடைத்துவைத்ததுபோல் இருந்தன. கீழே இறங்கும்போது பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இன்னும் ஒண்ணு இருக்கு. ரெண்டாம் மாடி, கடைசி. ஒரே கட்டடத்துக்கு எதுக்கு ரெண்டு தடவை அலையணும்னு மேடம் சேத்துக் குடுத்துட்டாங்க."

அந்த அலுவலகம் தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு வேலையை முன்கூட்டியே செய்திருந்தது.

கதவு திறந்தது. அதிகாரி உள்ளே வரப்பார்த்தார். இடமில்லை. வாசற்படியிலேயே நின்று ஒரு போர்வையைத் தூக்கினார். இன்னொன்றைத் தூக்கினார். கண்டக்டரும் டீச்சரம்மாவும் அவருக்குப் பின்னால் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இதெல்லாம் என்னம்மா?"

"ஃப்ரிட்ஜுங்க."

"அது தெரியுது. யாருது?"

"என்னுது இல்லீங்க."

"அதைத்தான் கேக்கறேன். வேற யாருது?"

அக்கா விலகிய போர்வையின் மடிப்பை நீவினார். அதிகாரி கைக்கெட்டிய ஃப்ரிட்ஜைத் திறந்தார். கதவில் இன்சுலின் புட்டி நின்றது. "உங்களுக்கு சுகரா?"

"இல்லீங்க."

"பின்ன இது?"

வராந்தாவில் கண்டக்டர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அதிகாரி நூலைப் பார்த்தார். சிவப்பு, பச்சை, நீலம். ஒரு முடிச்சு, இரண்டு, நான்கு. "இது என்ன குறி? இதைச் சொல்லிடுங்க போதும். உங்க பேப்பரை நானே நல்லபடியா எழுதி அனுப்பிடறேன்."

அக்கா அவருடைய சட்டைக் காலரை ஒரு கணம் பார்த்தார். "இருபத்தாறு வருஷம் இஸ்திரி போட்டேன் சார். யாரு துணியில என்ன கறைன்னு இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல."

அதிகாரி முட்டாள் இல்லை. சுவரில் ஒரே பிளக், அதில் இஸ்திரிப் பெட்டி. நான்கு ஃப்ரிட்ஜுக்கும் வயர் தரையில் கிடந்தது. ஜன்னலோரம் ஒரு தட்டு, ஒரு டம்ளர். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் விளங்கியதை எழுத அவருடைய படிவத்தில் கட்டம் இல்லை. எண்ணிக்கைக்கு இருந்தது. எண்ணினார், எழுதினார்.

அவர் படியிறங்கும் நேரம் முழுவதும் யாராவது ஒருவர் வாய் திறந்திருக்கலாம். கண்டக்டர் ஒருமுறை இருமினார். நீளமாக ஒரு விசில் வந்ததும் எல்லோரும் அவரவர் பொருளுக்கு ஓடினார்கள். கண்டக்டர் மனைவியின் மருந்து கெட்டுவிடக்கூடாதே!

*

கடிதம் பதினைந்தே நாளில் வந்தது. 'தங்கள் இல்லத்தில் குளிர்சாதனப் பெட்டி நான்கு, சலவை இயந்திரம் இரண்டு, தொலைக்காட்சிப் பெட்டி மூன்று இருப்பது நேரில் கண்டறியப்பட்டது. தங்கள் வாழ்க்கைத் தரம் உதவி பெறுவோர் தரத்துக்கு வெகுவாக மேம்பட்டிருப்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். உரிமமின்றி மின்சாதன வியாபாரம் நடத்துவதற்கான விளக்கத்தை முப்பது நாளுக்குள் அளிக்கவும்.'

அக்கா கடிதத்தின் மேல் ஈரத்துணி போட்டு மடிப்புகளை நீக்கி, தகரப் பெட்டியில் கணவரின் சட்டைகளுக்கு நடுவே வைத்தார். மறுநாள் சலவைக்கடைக்குப் போனார். முதலாளியிடம், "இடது கையால போடறேன். பாதிக் கூலி குடுங்க" என்றார். ஆனால் இடது கை தேய்த்தால் வலது கைதான் துணியை இழுத்துப் பிடிக்கவேண்டும். வீக்கம் முழங்கை வரை ஏறியது.

அந்த மாதம் முழுக்கக் கட்டடத்தில் அவருக்கு ராஜமரியாதை. படியில் வழிவிட்டார்கள். டீச்சரம்மா மேல்முறையீடு எழுதித் தருவதாக நான்கு முறை சொன்னார். கண்டக்டர் மட்டும் அவர் வரும் நேரம் பார்த்து வீட்டுக்குள் போய்விடுவார். பிறகு மாதங்கள் போயின. மரியாதையும் மெல்லப் பழைய அளவுக்கு வந்து சேர்ந்தது.

மறுபடியும் மூன்று விசில். கண்டக்டர் கடைசி அறை வாசலில் நின்றார். பின்னால் அவருடைய ஃப்ரிட்ஜை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நின்றார்கள். இந்தத் தடவை 'உள்ள போ' வரவில்லை.

"அக்கா... வேற எடம் ஒண்ணும் தோதா அமையல."

"கொண்டாங்க."

"கோவமா இருக்கீங்களாக்கா?"

"எதுக்குக் கோவம்? எல்லாம் என்னுதுதான்னு அரசாங்கமே எழுதிக் குடுத்துடுச்சு. என் பொருள் என் வீட்டுக்கு வருது. வைங்க."

வைத்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வந்தன. அக்கா இடது கையால் நூலைச் சுற்றி, ஒரு முனையைப் பல்லில் கடித்து, முடிச்சுப் போட்டார். கடைசிப் பொருளும் வந்ததும் கதவைச் சாத்தித் தாழிட்டார். படிக்கட்டில் அதிகாரியின் செருப்புச் சத்தம் மேலே ஏறிப் போனது.

அது அடங்கும்வரை நின்றார். பிறகு சுவரிலிருந்து இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, கண்டக்டர் ஃப்ரிட்ஜின் பிளக்கைச் செருகினார். அது ஒருமுறை உடம்பைக் குலுக்கிக்கொண்டு உறுமத் தொடங்கியது. மேல்கதவைத் திறந்தார். உள்ளே நான்கு சுவரிலும் ஐஸ் வெள்ளையாய்ப் பாளம்பிடித்திருந்தது. வலது கைத் துணிக்கட்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, கையை முழங்கைவரை அதற்குள் விட்டு, கண்களை மூடினார். கீழே நீளமான விசில் ஊதியபின்னும், வெளியே கண்டக்டர் மூன்று தடவை கதவைத் தட்டியபின்னும், கையை எடுக்கவில்லை.